வன்தட்டின் வரைபடம்

நுழையும்முன்

வீட்டு அலமாரி நிறைந்தால் கண் உடனே அறியும். எந்தப் பொருள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் அதே பார்வையில் அறியும். கணினியின் வன்தட்டு நிறையும்போது அவ்வாறு அறிய இயலாது. இலட்சக்கணக்கான கோப்புகள் உள்ளே இருந்தாலும் வெளியே தெரிவன சில பெயர்கள் மட்டுமே. மறைந்து கிடக்கும் அந்த இடக்கணக்கைக் கண்ணால் காணும் படமாக மாற்றிய சிந்தனை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது, அதைப் பயன்படுத்துவோர் எங்கே விழிப்போடு இருக்க வேண்டும் என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சிவப்பாக மாறிய பட்டை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த உடுமலைப்பேட்டை, திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதி நகரம். திருமூர்த்தி அணையும் அமராவதி அணையும் இவ்வட்டாரத்தின் வயல்களுக்கு நீர் தருகின்றன. நூற்பாலைகள் பஞ்சை நூலாக்குகின்றன. வடக்கே திருப்பூரில் நூல் பின்னலாடையாகி உலகச் சந்தைக்குச் செல்கிறது. இத்தொழிலில் ஊசிக்கும் கத்தரிக்கும் நிகரான கருவியாகக் கணினியும் இன்று இடம்பெற்றுவிட்டது. ஆடையில் அச்சிட வேண்டிய படம், பூத்தையல் எந்திரத்துக்கான கட்டளைகள், முன்பக்கம், பின்பக்கம், கை ஆகிய பகுதிகளின் வெட்டளவுகள், வாடிக்கையாளரின் ஆணை, அனுப்பிய சரக்கின் பட்டியல் ஆகிய அனைத்தும் கோப்புகளாகவே உருவாகின்றன, கோப்புகளாகவே தங்கிவிடுகின்றன.

இவ்வட்டாரத்தில் நான்கைந்து பேர் பணியாற்றும் சிறிய வடிவமைப்பு அலுவலகம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். புதிய அச்சுப்படத்தை அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். சேமிக்க முயலும்போது இடம் போதவில்லை என்று கணினி அறிவிக்கிறது. வன்தட்டின் நிலையைக் காட்டும் பட்டை நீலத்திலிருந்து சிவப்பாக மாறியிருக்கிறது. பதற்றத்தில் பணியாளர் ஒருவர், ‘பழையவை’ என்று பெயரிட்டிருந்த கோப்புறையை முழுமையாக அழித்துவிடுகிறார். அதனால் கிடைத்த இடமோ மிகச் சிறிது. சில வாரங்கள் கழித்து, மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கிய அதே அச்சு மீண்டும் வேண்டும் என வாடிக்கையாளர் கேட்கிறார். அதன் மூலக் கோப்பு அழிக்கப்பட்ட கோப்புறையில்தான் இருந்தது என்பது அப்போதே தெரியவருகிறது. இடமும் கிடைக்கவில்லை, பொருளும் போயிற்று.

இந்த இழப்புக்குக் கவனக்குறைவு மட்டுமே காரணம் அன்று. எது பெரியது, எது சிறியது, எது எங்கே இருக்கிறது என்பதைக் காண வழியின்றி எடுத்த முடிவு அது. சிவப்புப் பட்டை, தட்டு நிறைந்துவிட்டது என்பதைச் சொல்லும். எதனால் நிறைந்தது என்பதைச் சொல்லாது.

சிட்டாவும் புலப்படமும்

நிலத்தைப் பற்றிய பதிவுகளைத் தமிழக மக்கள் இரண்டு வடிவங்களில் அறிவர். ஒன்று சிட்டா. அதில் புல எண்ணும் உட்பிரிவும் பரப்பளவும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று புலப்படம். அதில் அதே நிலம் எல்லைக்கோடுகளோடு வரையப்பட்டிருக்கும். சிட்டாவைப் படிப்பவர் ஒவ்வொரு பரப்பளவையும் மனத்துள் ஒப்பிட்டே பெரிய நிலம் எது என்று அறிய முடியும். புலப்படத்தைக் காண்பவருக்கு அந்த உழைப்பு வேண்டியதில்லை. பெரிய நிலம் பெரிதாகவே தெரியும். உட்பிரிவு எந்தப் புலத்துக்குள் அடங்கியது என்பதும் அதே பார்வையில் விளங்கும்.

கணினியும் தன் கோப்புகளைச் சிட்டாவைப் போலவே முதலில் காட்டுகிறது. பெயர், நாள், வகை, அளவு என்னும் வரிசைகள் திரையில் தோன்றுகின்றன. அவற்றிலும் ஒரு குறை உண்டு. தனிக்கோப்பின் அளவு தெரியும். கோப்புறையின் மொத்த அளவு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. ஒரு கோப்புறைக்குள் பத்துக் கோப்புறைகளும், அவை ஒவ்வொன்றுக்குள்ளும் மேலும் பத்தும் இருந்தால், மொத்தத்தை அறிய அனைத்தையும் திறந்து கூட்ட வேண்டும். யுனிக்ஸ் இயக்க அமைப்பின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இந்தக் கூட்டல் வேலையைச் செய்யும் ‘டியு’ என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. வட்டுப் பயன்பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். இன்றும் லினக்ஸ் கணினிகளில் அது பயன்படுகிறது. ஆயினும் அதன் விடையும் ஒரு நீண்ட பட்டியலே. ஆயிரக்கணக்கான வரிகளைக் கொண்ட பட்டியலைக் கண் படிக்கலாம். ஒரே பார்வையில் உணர முடியாது. சிட்டா இருந்தது, புலப்படம் இன்னும் வரையப்படவில்லை.

தலைகீழ் மரம்

புலப்படம் வரைவதற்கு முன், கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை அறிய வேண்டும். கணினியில் கோப்புகளின் அமைப்பு ஒரு தலைகீழ் மரத்தை ஒத்தது. வேர் மேலே இருக்கும். அதிலிருந்து கிளைகளாகக் கோப்புறைகள் பிரியும். அக்கிளைகளிலிருந்து சிறு கிளைகள் பிரியும். இறுதியில் இலைகளாகக் கோப்புகள் அமையும். ஒரு கிளையின் எடை, அதில் உள்ள அனைத்து இலைகளின் எடைகளையும் கூட்டிய தொகையாகும். எனவே ஒரு கோப்புறையின் அளவை அறிய அதன் கடைசி இலை வரை சென்று திரும்ப வேண்டும்.

இந்த மரத்தைக் கிளைகளும் கோடுகளுமாக வரைந்து காட்டலாம் என்று தோன்றும். நூறு கோப்புகள் என்றால் அது இயலும். ஆயிரங்களைத் தாண்டும்போது மரம் திரையை மீறிப் படர்ந்துவிடும். கிளைகளுக்கு இடையே வெற்றிடம் மிகுந்து, இலைகள் எழுத முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். மேலும், கிளைப்படம் உறவைக் காட்டுமே அன்றி அளவைக் காட்டாது. ஒரு பெரிய காணொளியும் ஒரு சிறிய கடிதமும் அதில் ஒரே புள்ளியாகவே தோன்றும்.

எண்பது மெகாபைட்டும் பதினான்கு பேரும்

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மனித-கணினி ஊடாட்ட ஆய்வகம் 1983இல் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன். 1990இல் அந்த ஆய்வகத்தில் 80 மெகாபைட்டு கொள்ளளவு கொண்ட ஒரு வன்தட்டு இருந்தது. அதனை 14 பேர் பகிர்ந்து பயன்படுத்தினர். தட்டு அடிக்கடி நிறைந்தது. யார் மிகுதியான இடத்தை எடுத்துக்கொண்டார்கள், அழிக்கத்தக்க பெரிய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்டறிவது கடினமாக இருந்தது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் இருபது முப்பது ஒளிப்படங்களே நிறைத்துவிடக்கூடிய அந்தச் சிறிய இடம், அன்று பதினான்கு பேரின் பணிக்களமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் சிக்கலின் அழுத்தம் விளங்கும்.

வழக்கமான கிளைப்படங்கள் ஷ்னைடர்மனுக்கு மனநிறைவு தரவில்லை. திரையில் ஒரு துளி இடமும் வீணாகாமல் முழு மரத்தையும் அடக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். ஆசிரியர்கள் கூடும் அறையில் இதைப் பற்றி ஆழ்ந்து எண்ணிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு வழி புலப்பட்டது. மரத்தைக் கோடுகளால் வரையாமல், திரையையே செவ்வகங்களாகப் பிரிப்பது அவ்வழி. முதல் நிலைக் கோப்புறைகளுக்காகத் திரையை நெடுக்காகப் பிரிக்க வேண்டும். அவற்றின் உட்கோப்புறைகளுக்காக ஒவ்வொரு பகுதியையும் குறுக்காகப் பிரிக்க வேண்டும். அடுத்த நிலைக்கு மீண்டும் நெடுக்காகப் பிரிக்க வேண்டும். இவ்வாறு மாறிமாறிப் பிரித்துச் சென்றால், எத்தனை நிலைகள் இருந்தாலும் அனைத்தும் ஒரே செவ்வகத்துக்குள் அடங்கிவிடும். இம்முறை எல்லா நேரங்களிலும் பொருந்துமா என்பதை உறுதிசெய்துகொள்ள அவருக்குச் சில நாள்கள் தேவைப்பட்டன. முடிவில் அதனை ஆறே வரிகளில் எழுதிவிட முடிந்தது.

அவருடைய மாணவர் பிரையன் ஜான்சன், மெக்கின்டோஷ் கணினியில் இயங்கும் ‘ட்ரீவிஸ்’ என்னும் மென்பொருளாக அதனை உருவாக்கினார். 1991இலும் 1992இலும் வெளிவந்த ஆய்வுக்கட்டுரைகள் வழியாக இம்முறை உலகுக்கு அறிமுகமாயிற்று. மரத்தின் அமைப்பை நிலப்படம்போல் காட்டுவதால் இதனை ‘மரப்படம்’ எனலாம்.

திருப்பூர்ப் பகுதியின் ஆடை தைக்கும் கூடங்களில் இதே சிந்தனையை வேறொரு வடிவில் காணலாம். கட்டிங் மாஸ்டர் என்று அங்கு அழைக்கப்படும் துணி வெட்டுநர், ஆடையின் பகுதிகளைத் துணியின்மீது இடைவெளி குறையும்படி அடுக்கிய பின்னரே வெட்டத் தொடங்குவார். முன்பக்கத்தின் வளைவுக்குள் கையின் முனை பொருந்துமா, மீதமாகும் ஓரத்தில் காலர்த்துண்டு அடங்குமா என்று பார்ப்பார். அவருக்குத் துணி எவ்வாறோ, மரப்படம் வரைபவருக்குத் திரை அவ்வாறு. இருவருக்கும் வெற்றிடம் என்பது இழப்பு.

மரப்படம் வரையும் முறை

மரப்படத்தின் கணக்கு, நடுநிலைப்பள்ளி மாணவரும் அறிந்த விகிதக் கணக்கே. முன்னர்க் கூறிய வடிவமைப்பு அலுவலகத்தின் வன்தட்டில் 400 கிகாபைட்டு அளவுக்குக் கோப்புகள் உள்ளன என்று கொள்ளலாம். கண்காணிப்புக் கேமராவிலிருந்து நகலெடுத்து வைத்த காணொளிகள் 200, அச்சுப்படங்கள் 120, மென்பொருள்கள் 60, கணக்குகளும் கடிதங்களும் 20 என அவை பிரிந்திருக்கட்டும்.

தாளில் 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட செவ்வகம் ஒன்று வரையப்படுகிறது. அதன் பரப்பு 200 சதுர செ.மீ. எனவே ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் அரைச் சதுர செ.மீ. கிடைக்கும். காணொளிகளுக்கு 100 சதுர செ.மீ. வேண்டும். உயரம் 10 செ.மீ. என்பதால் அகலம் 10 செ.மீ. ஆகும். இவ்வாறே அச்சுப்படங்களுக்கு 6 செ.மீ., மென்பொருள்களுக்கு 3 செ.மீ., கணக்குகளுக்கு 1 செ.மீ. என அகலம் அமையும். நான்கையும் கூட்டினால் 20 செ.மீ. வருகிறது. இடைவெளியும் இல்லை, மிகுதியும் இல்லை.

அடுத்து, அச்சுப்படங்களின் பகுதி மூன்று ஆண்டுகளின் கோப்புறைகளைக் கொண்டுள்ளது. முதலாண்டில் 60, இரண்டாமாண்டில் 36, மூன்றாமாண்டில் 24 கிகாபைட்டு. இப்போது 6 செ.மீ. அகலமுள்ள அப்பகுதி குறுக்காகப் பிரிக்கப்படுகிறது. உயரங்கள் முறையே 5, 3, 2 செ.மீ. என அமைகின்றன. கூட்டினால் 10 செ.மீ. இதே முறையை ஒவ்வொரு கோப்புறைக்கும் அதன் உட்கோப்புறைக்கும் தொடர்ந்து செய்தால், இறுதியில் ஒவ்வொரு கோப்பும் தன் அளவுக்கு ஏற்ற செவ்வகமாகத் தாளில் இடம்பெறும்.

படத்தைப் பார்த்தவுடன் உண்மை வெளிப்படுகிறது. தாளின் சரிபாதியைக் காணொளிகள் பிடித்திருக்கின்றன. பதற்றத்தில் ‘பழையவை’ என்னும் சிறு கோப்புறையை அழித்தவர், இந்தப் படத்தைக் கண்டிருந்தால் அங்கே கை வைத்திருக்கவே மாட்டார். காலம் கடந்த காணொளிகளில் ஒரு பகுதியை நீக்கியிருந்தாலே அன்றைய பணி தடையின்றி நடந்திருக்கும்.

கீற்றுகளும் சதுரங்களும்

மேற்கண்ட படத்தில் ஒரு குறையும் தெரிகிறது. கணக்குகளுக்குரிய பகுதி 1 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட கீற்றாக ஒல்லியாகிவிட்டது. சிறிய கோப்புகள் மேலும் மேலும் பிரிக்கப்படும்போது அவை நூலிழைகளாக மெலிந்துவிடும். நீண்டு மெலிந்த செவ்வகத்தையும் அகன்ற செவ்வகத்தையும் ஒப்பிட்டு எது பெரியது என்று கணிப்பது கண்ணுக்குக் கடினம். சுட்டியால் தொட்டுத் தேர்ந்தெடுப்பதும் எளிதன்று.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்குறையைத் தீர்த்தனர். மார்க் புருல்ஸ், கேஸ் ஹவ்சிங், யார்க்கே வான் வைக் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். பெரிய கோப்புகளை முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செவ்வகமும் இயன்றவரை சதுரத்தை நெருங்குமாறு வரிசை வரிசையாக அடுக்குவது அம்முறை. ஒரு வரிசையில் அடுத்த கோப்பைச் சேர்ப்பதால் செவ்வகங்களின் வடிவம் சீரடையுமானால் அது சேர்க்கப்படும். கெடுமானால் புதிய வரிசை தொடங்கப்படும்.

அதற்கு ஓராண்டு முன்னரே, வான் வைக்கும் ஹியூப் வான் டி வெட்டரிங்கும் மற்றொரு வழியைக் கண்டிருந்தனர். எல்லைக்கோடுகளை வரைவதற்கு மாறாக, ஒவ்வொரு செவ்வகத்தையும் ஒளிபட்ட மெத்தைபோல் நடுவில் வெளிச்சமாகவும் ஓரங்களில் நிழலாகவும் தீட்டுவது அவ்வழி. நிழலின் ஆழத்தைக் கொண்டே எது எந்தக் கோப்புறைக்குள் அடங்கியது என்பதைக் கண் உணர்ந்துகொள்ளும்.

இவ்விரு முறைகளையும் இணைத்து அதே பல்கலைக்கழகத்தில் ‘செகோயாவியூ’ என்னும் மென்பொருள் உருவாயிற்று. லினக்ஸ் கணினிக்காக ‘கேடிர்ஸ்டாட்’ தோன்றியது. அதன் வழியில் 2003இல் விண்டோஸ் கணினிக்காக ‘வின்டிர்ஸ்டாட்’ வெளிவந்தது. அதன் திரையில் மேலே பட்டியலும் கீழே வண்ணச் செவ்வகங்களும் இருக்கும். ஒரு செவ்வகத்தைத் தொட்டால் அக்கோப்பு பட்டியலில் எங்கே உள்ளது என்பது தெரியும். சிட்டாவும் புலப்படமும் ஒருசேரத் திறந்து வைக்கப்பட்டதுபோல் அது அமைகிறது. வண்ணம் கோப்பின் வகையைக் குறிக்கிறது. திரை முழுவதும் ஒரே வண்ணம் படர்ந்திருந்தால், ஒரே வகைக் கோப்புகள் இடத்தை நிறைத்துள்ளன என்பது சொல்லாமலே விளங்கும்.

வளையங்களாய் விரியும் படம்

செவ்வகம் ஒன்றே வழி அன்று. வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலக் கோப்புகளை வட்டமாகவும் காட்டலாம். நடுவில் உள்ள வட்டம் முழுத் தட்டைக் குறிக்கும். அதனைச் சுற்றிய முதல் வளையத்தில் கோப்புறைகளும், அடுத்த வளையத்தில் அவற்றின் உட்கோப்புறைகளும் அமையும். வில்லின் கோண அகலம் அளவைக் காட்டும். லினக்ஸ் கணினிகளில் உள்ள ‘ஃபைல்லைட்’ இவ்வகையைச் சார்ந்தது. க்னோம் மேசைத்தளத்தின் வட்டுப் பயன்பாட்டுப் பகுப்பாய்வி, வளையப் படத்தையும் மரப்படத்தையும் விருப்பம்போல் மாற்றிக் காட்டும்.

இரண்டுக்கும் தனித்தனிச் சிறப்புகள் உண்டு. எந்தக் கோப்பு எத்தனை படிகளுக்கு உள்ளே இருக்கிறது என்பதை வளையப் படம் தெளிவாகக் காட்டும். ஆனால் மூலைகளில் வெற்றிடம் விடும். மரப்படம் இடத்தை வீணாக்காது. பல்லாயிரம் கோப்புகளையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவரும். ஆனால் படிநிலைகளைப் பிரித்தறியப் பழக்கம் வேண்டும். தேவைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்வதே முறை.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயக்க அமைப்பும் இடம்பெற்றது. இதனால் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழக மாணவர் தம் கையிலேயே பழகும் வாய்ப்புப் பெற்றனர். வட்டின் இடத்தைக் காட்டும் மேற்கண்ட கருவிகளில் பலவும் அத்தகைய கட்டற்ற மென்பொருள்களே.

தெரியுமா?

க்னோம் மேசைத்தளத்தின் பகுப்பாய்விக்கு ‘பாவோபாப்’ என்பது பெயர். பருத்த அடிமரம் கொண்ட ஆப்பிரிக்க மரம் அது. இலங்கையின் மன்னார்ப் பகுதியில் இம்மரம் ‘பெருக்கமரம்’ என வழங்கப்படுகிறது.

படம் காட்டாதவை

எந்தப் படமும் முழு உண்மையைக் காட்டுவதில்லை. படத்தைப் படிப்பவர் அதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, அளவையில் எழும் ஐயம். 500 கிகாபைட்டு என்று குறிக்கப்பட்ட வன்தட்டை வாங்கியவர், விண்டோஸ் கணினியில் அது 465 என்று காட்டப்படுவதைக் கண்டு ஏமாற்றம் அடைவதுண்டு. உண்மையில் எதுவும் குறையவில்லை. தட்டைச் செய்வோர் ஆயிரத்தின் மடங்குகளால் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024இன் மடங்குகளால் கணக்கிடுகிறது. 500 கோடியை நூறால் பெருக்கிய பைட்டுகளை 1024ஆல் மும்முறை வகுத்தால் 465க்குச் சற்று மிகுதியான எண்ணே கிடைக்கும்.

இரண்டாவது, மறைந்திருக்கும் கோப்புகள். கணினி துயில்நிலைக்குச் செல்லும்போது நினைவகத்தின் உள்ளடக்கத்தை எழுதிவைக்கும் கோப்பும், நினைவகம் போதாதபோது துணைநிற்கும் கோப்பும் படத்தில் பெரிய செவ்வகங்களாகத் தோன்றலாம். அவை இயக்க அமைப்புக்கு உரியவை. பெரியவை என்பதற்காகக் கைவைக்கத்தக்கவை அல்ல. பார்க்க உரிமை இல்லாத கோப்புறைகளைக் கருவி விட்டுவிடுவதும் உண்டு. அப்போது செவ்வகங்களின் கூட்டுத்தொகை, நிறைந்த இடத்தைவிடக் குறைவாக இருக்கும்.

மூன்றாவது, ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கும் நிலை. கோப்பு முறைமையில் ஒரு கோப்பை இரண்டு இடங்களிலிருந்து சுட்ட இயலும். சில கருவிகள் அதனை இருமுறை எண்ணிவிடும். இரண்டில் ஒன்றை அழித்தாலும் இடம் கிடைக்காது.

நான்காவதும் தலையாயதும் ஒன்று உண்டு. படம் அளவைக் காட்டும், மதிப்பைக் காட்டாது. திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் வெறும் எழுத்துகளாகச் சேமித்தால், அக்கோப்பு ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாது. கைப்பேசியில் தவறுதலாக எடுக்கப்பட்ட மங்கலான ஒளிப்படம் ஒன்று அதைவிடப் பலமடங்கு இடம் கொள்ளக்கூடும். மரப்படத்தில் அந்த ஒளிப்படம் கண்ணைப் பறிக்கும். குறள் புள்ளியாக மறையும். வடிவமைப்பு அலுவலகத்தின் படத்தில் ஒல்லியான கீற்றாக நின்ற கணக்குகளும் கடிதங்களுமே அந்நிறுவனத்தின் உயிர்நாடி. காணொளிகள் பாதித் தாளை நிறைத்திருந்தாலும் அவற்றுள் பெரும்பகுதி மீண்டும் திறக்கப்படாதவை. பெரியது எது என்னும் வினாவுக்குக் கருவி விடை தரும். வேண்டியது எது என்னும் வினாவுக்கு மனிதரே விடை தர வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

‘உடுமலைப்பேட்டை’ என்னும் சொல்லில் 8 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளாக எழுதப்படுவதால் இச்சொல் 14 குறியீடுகளாகிறது. பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ஆகவே இச்சொல்லின் அளவு 42 பைட்டுகள். ஆயினும் இச்சொல்லை மட்டும் கொண்ட ஒரு கோப்பு, லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பொதுவாக 4096 பைட்டுகள் கொண்ட ஒரு கட்டத்தையே முழுமையாக எடுத்துக்கொள்ளும். ஒருவர் மட்டுமே தங்கினாலும் ஓர் அறை முழுவதும் அவருக்கே ஒதுக்கப்படுவது போன்றது இது. கோப்பின் அளவும், தட்டில் அது கொள்ளும் இடமும் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

அழிக்கும் முன்

படத்தைக் கண்டபின் செய்யவேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், மீண்டும் பெறக்கூடியவற்றைத் தேட வேண்டும். இணையத்திலிருந்து பதிவிறக்கிய நிறுவல் கோப்புகள், செயலிகள் விட்டுச்சென்ற தற்காலிகக் கோப்புகள், ஒரே படத்தின் பல நகல்கள் ஆகியன இவ்வகையின. இவற்றை நீக்குவதால் இழப்பு இல்லை. அடுத்து, அரிதாகவே தேவைப்படும் பெரிய கோப்புகளை வேறொரு வன்தட்டுக்கு மாற்றலாம். மாற்றியபின் அங்கே அவை திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே மூலத்தை நீக்க வேண்டும். தாமே உருவாக்கிய கோப்புகளை இறுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் பகிரும் கணினியாயின் உரியவரைக் கேளாமல் எதையும் அழித்தல் கூடாது. பதினான்கு பேர் பகிர்ந்த தட்டிலிருந்தே இக்கருவி பிறந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. யாருடையது எது என்று அறிவதும் அதன் முதல் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

அழித்தல் என்பதன் பொருளையும் அறிந்திருக்க வேண்டும். மறுசுழற்சித் தொட்டிக்குச் சென்ற கோப்பு இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். தொட்டியைக் காலிசெய்த பின்னரே இடம் கிடைக்கும். அவ்வாறு காலிசெய்த பின்னும், காந்தத் தட்டுகளில் உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. அதன் முகவரி மட்டுமே நீக்கப்படுகிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை மீட்க ஓரளவு வாய்ப்புண்டு. இன்று பரவலாகிவரும் திண்மநிலைத் தட்டுகளிலோ அவ்வாய்ப்பு மிகக் குறைவு. ஆதலால் மீட்பை நம்பி அழிப்பதைவிட, காப்புநகல் எடுத்துவிட்டு அழிப்பதே அறிவுடைமை.

பிரித்தறியும் பண்பு

திருப்பூர் வட்டாரத்தில் துணியை வெட்டியபின் விழும் துண்டுகளை யாரும் அப்படியே குப்பையில் கொட்டிவிடுவதில்லை. நிறம் பார்த்துப் பிரிக்கின்றனர். வகை பார்த்துப் பிரிக்கின்றனர். அவற்றுள் ஒரு பகுதி மீண்டும் பஞ்சாகி, நூலாகி, புதிய பயன்பாட்டுக்கு வருகிறது. எறியும் முன் இன்னது என்று அறிந்துகொள்ளும் பழக்கம் அத்தொழிலுக்குள்ளேயே வேரூன்றியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் துணிக்கு உள்ள அந்த மதிப்பு, கண்ணுக்குத் தெரியாத கோப்புக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், அது தெரியாமல் இருந்ததே.

அந்தக் குறையை மரப்படமும் வளையப் படமும் நீக்கியுள்ளன. நிறைந்த தட்டைக் கண்டு புதிய தட்டை வாங்க விரைவதற்கும், கைக்கு அகப்பட்டதை அழிப்பதற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றை அவை திறந்திருக்கின்றன. முதலில் காண்பது, பின்னர் எண்ணிப்பார்ப்பது, அதன்பின் முடிவெடுப்பது என்பதே அவ்வழி. வடிவமைப்பு அலுவலகத்தின் மூன்றாண்டுக்கு முந்தைய அச்சுப்படமும், மாணவரின் மடிக்கணினியில் உள்ள பாட்டியின் குரல்பதிவும், திரையில் ஒரு நகக்கண் அளவு இடத்தையே பெற்றிருக்கலாம். அச்சிறு செவ்வகத்தின்மீது சுட்டி சென்று நிற்கும்போது, அழிக்கும் விசையை அழுத்தாமல் ஒருகணம் தயங்கி அதன் பெயரைப் படிப்பவரே இக்கருவியை முறையாகக் கற்றவர்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினி ஒன்றின் முதல்நிலைக் கோப்புறைகளின் அளவுகளைக் குறித்து, 20 செ.மீ. × 10 செ.மீ. தாளில் அவற்றுக்கு மரப்படம் வரைக.

2. ‘அளவில் சிறியது மதிப்பில் பெரியதாக இருக்கலாம்’ என்னும் கருத்தைக் கைப்பேசியில் சேமித்துள்ள கோப்புகளைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. பட்டியலாக உள்ள தகவல் ஒன்றைப் படமாக மாற்றினால் தெளிவு கூடும் என்பதற்கு அன்றாட வாழ்விலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகள் தருக.

4. உங்கள் ஊரின் பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனை ஒருங்குறிக் குறியீடுகள், எத்தனை பைட்டுகள் உள்ளன எனக் கணக்கிட்டுக் காட்டுக.